அப்பா வாசிக்காத இரண்டு வசனங்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமாக "சாப்டாச்சாம்மா?" என்றுதான் தொடங்குவாள். அன்று அந்தக் கேள்வி இல்லை. "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்காம கேளுங்க" என்றாள்.

கூட வேலை செய்யும் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. கிள்ளான் பக்கம். நல்ல குணம், நல்ல குடும்பம். இந்துக் குடும்பம்.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசியே பிழைத்தவள். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. "அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வா, உக்காந்து பேசுவோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. மனத்தில் முதலில் வந்து நின்ற கேள்வி கடவுளைப் பற்றியது அல்ல. 'ஞாயிற்றுக்கிழமை சபையில் என்ன சொல்வார்கள்?' என்பதுதான்.

இரண்டாவதாக ஞாபகத்துக்கு வந்தது ஒரு மைலோ டின்.

அந்த டின்னின் கதை ஹுத்தான் மெலிந்தாங்கில் தொடங்குகிறது. குறுக்கே கிடக்கும் காடு என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள். பேராக்கின் தென்கோடியில் பெர்ணம் ஆற்றை ஒட்டிய ஊர். ஆற்றுக்கு அக்கரை சிலாங்கூர். இன்று அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டியவரை செம்பனையும் தென்னையும்தான். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் இருந்தன. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, மதியம் ஸ்டோரில் நிறுவை, மாலையில் லயத்து வாசலில் பேச்சு. இதுதான் எங்கள் உலகம்.

தோட்டத்தில் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் நாங்கள் ஏழெட்டுக் குடும்பம். என் தாத்தா தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவர், லுத்தரன் சபை. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய கரை அது. இந்திய மொழிகளிலேயே முதலாவதாகப் புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சானதும் அங்கேதான். தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் தானே அச்சுக்கோத்தவர் மாதிரி நிமிர்ந்து உட்காருவார்.

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. மாலையில் உபதேசியார். ஐயர் மாதம் ஒருமுறைதான் எங்கள் தோட்டத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் ஜெபம் நடத்துவார், வேதம் வாசிப்பார், இரண்டு வார்த்தை பேசுவார். பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்: கர்த்தர் பரிசுத்தர், கர்த்தர் ஒருவரே.

அப்பாவைக் கெட்டவராக யாரும் நினைத்துவிட வேண்டாம். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். நிறுவையில் எடை குறைகிறது என்று தெரிந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடி நிறுங்க" என்று நின்றவர். அவர் நின்றதால் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சரியான எடை கிடைத்தது. சிம்பாங் அம்பாட்டில் எங்கள் லுத்தரன் திருச்சபை தொடங்கிய பெத்தானி இல்லம் இருக்கிறது. வலிப்பு நோயாலும் கற்றல் குறைபாட்டாலும் சிரமப்படுகிறவர்களுக்கான இல்லம். பக்கத்து லயத்து மாரியாயி அக்கா மகனுக்கு வலிப்பு வந்தபோது, அவனைச் சைக்கிளில் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போய்க் காட்டியவர் அப்பாதான்.

அப்படிப்பட்டவர், தன் ஒரே தங்கையை வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அத்தை பக்கத்துத் தோட்டத்தில் ஓர் இந்துவைக் கல்யாணம் செய்துகொண்டார். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு அப்பா லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்தார். ஒரே வயலில் இரண்டு வகை விதையை விதைக்கக் கூடாது என்று ஒரு கட்டளை அதில் வரும். அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்தார். "பரிசுத்தம்னா பிரிஞ்சு நிக்கிறது" என்றார். பேரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அம்மா பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அன்று மூடிய கதவு முப்பது வருஷம் திறக்கவில்லை.

ஆனால் பின்கதவு என்று ஒன்று இருந்தது. தீபாவளிக்கு முதல்நாள் மாமா சைக்கிளில் வருவார். சமையல்கட்டுப் பக்கம் ஒரு மைலோ டின்னை வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் போவார். உள்ளே அத்தை சுட்ட முறுக்கு. அப்பா தொடமாட்டார். நாங்கள் தின்பதைத் தடுக்கவும் மாட்டார். கிறிஸ்துமஸ் வந்தால் அம்மா அதே டின்னில் அச்சுமுறுக்கும் கேக்கும் அடைத்து, என் தம்பியிடம் கொடுத்தனுப்புவார். டின்னின் பச்சை நிறம் வெளுத்தது. மூடி நெளிந்தது. டின் மட்டும் போய்வந்துகொண்டே இருந்தது.

பள்ளியில் என் இந்துத் தோழி ஒருநாள் கேட்டாள்: "உங்க சாமிக்கு எங்களக் கண்டா ஆகாதாடி?" நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அப்படி இல்லம்மா. அவரு ஒருத்தரே. வேற யாரோடயும் சேர்த்து எண்ண முடியாதவரு" என்றார். பதில் சரிதான். ஆனால் தோழி கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது.

பிறகு வளர்ந்து, வேதத்தை நானாகப் படிக்கத் தொடங்கியபோது, அப்பா சொன்னதில் பாதி எவ்வளவு உண்மை என்று புரிந்தது. பரிசுத்தம் என்று நாம் சொல்வதற்கு எபிரேய மொழியில் உள்ள சொல் 'கதோஷ்'. வேறானது, தனித்து ஒதுக்கப்பட்டது என்பது அதன் அடிப்படை. கிறிஸ்தவ விசுவாசத்தில் கடவுள் நம்மைவிடப் பெரிய ஒரு மனிதர் அல்ல. படைத்தவர் ஒரு பக்கம், படைக்கப்பட்டவை அனைத்தும் மறுபக்கம். சூரியனும் ராஜாவும் தேவதூதனும்கூட மறுபக்கம்தான். உபாகமத்தில் மோசே இஸ்ரவேலருக்குச் சொல்லும் அந்த ஒருவர் என்ற அறிக்கையை யூதர்கள் இன்றும் காலையும் மாலையும் சொல்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று நாங்கள் சொல்லும்போதும் மூன்று கடவுள்களைச் சொல்லவில்லை. ஒருவரையே சொல்கிறோம்.

எரியும் முட்செடியின் முன் மோசேயிடம் செருப்பைக் கழற்றச் சொன்னார் கடவுள். இதை ஒரு தமிழருக்கு விளக்கவேண்டியதில்லை. கோயிலோ தேவாலயமோ, வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிற ஜனம் நாம்.

ஏசாயா தீர்க்கதரிசி கண்ட தரிசனம் இன்னும் ஆழமானது. சேராபீன்கள் சிறகுகளால் தங்கள் முகத்தை மூடிக்கொண்டு, பரிசுத்தர் என்று மூன்று முறை பாடுகிறார்கள். எபிரேய மொழியில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்லவேண்டுமானால் திரும்பச் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருப்பலியிலும் எங்கள் லுத்தரன் திருவிருந்து ஆராதனையிலும் அந்தப் பாட்டு இன்றும் உண்டு.

ஆனால் அந்தத் தரிசனத்தில் அடுத்து நடப்பதைக் கவனிக்க வேண்டும். பரிசுத்தத்தைக் கண்ட ஏசாயாவுக்கு முதலில் உறைத்தது தன் உதடுகளின் அசுத்தம். ஜனங்களின் அசுத்தம் அதற்குப் பிறகுதான். அவர் பயந்து ஒதுங்கியபோது, பலிபீடத்து நெருப்புத்தழலோடு ஒரு சேராபீன் பறந்து வந்து அவர் உதட்டைத் தொட்டது. அவரால் நெருங்க முடியாத பரிசுத்தம், தானே இறங்கி வந்து தொட்டது. சுவிசேஷத்திலும் அப்படியே. யாரும் அண்டக்கூடாத குஷ்டரோகியை இயேசு கைநீட்டித் தொட்டார். தொட்டவருக்குத் தீட்டு வரவில்லை. தொடப்பட்டவர் சுத்தமானார்.

அப்பா சொல்லாமல் விட்ட மறுபாதி இது.

இன்னொன்றும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தாத்தா ஜெபத்தில் 'பராபரனே' என்று அழைப்பார். அது பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த பழைய வேதத்தின் சொல். லுத்தரன்மார் அதை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார்கள். 1871-இல் வந்த மொழிபெயர்ப்பில் அது 'தேவன்' ஆனது. கத்தோலிக்கர்களின் பழைய ஜெபங்களில் 'சர்வேசுரன்'. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. இந்த நான்கில் எந்தச் சொல்லையும் மிஷனரிகள் கப்பலில் கொண்டுவரவில்லை. தாயுமானவர் பராபரக்கண்ணி பாடிய மொழியிலிருந்து, அக்கம்பக்கத்து இந்துக்களின் வழக்கிலிருந்து வந்த சொற்கள்தான் அவை. எங்கள் ஒரே கடவுளை அழைக்க எங்களுக்குச் சொல் கொடுத்தது எங்கள் அண்டைவீடு. அந்த வீட்டுக்குள் நுழைந்ததற்காகத்தான் அத்தைக்குக் கதவை அடைத்தோம்.

அப்பாவுக்கு வயதாகி, கண்ணில் புரை விழுந்து, எழுத்து தெரியாமல் போனது. தோட்டத்தை விட்டு வந்து தம்பி வீட்டில் இருந்தார். நான் போகும்போதெல்லாம் வேதம் வாசிக்கச் சொல்வார். வரிசைப்படி வாசித்துக்கொண்டு போனதில் ஒருநாள் லேவியராகமம் பத்தொன்பது வந்தது. வேண்டுமென்று எடுத்ததல்ல. எடுத்திருந்தாலும் எனக்குத் தைரியம் வந்திருக்காது.

அந்த அதிகாரம், நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்ற கருத்தோடுதான் தொடங்குகிறது. அப்படியானால் எப்படிப் பரிசுத்தமாக இருப்பது? அதற்கு அந்த அதிகாரம் சொல்லும் வழிகளைப் பாருங்கள். தாய் தகப்பனுக்குப் பயந்து நட. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு. கூலிக்காரன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. செவிடனைத் திட்டாதே, குருடன் முன்னால் தடுக்கல் போடாதே. தராசும் படிக்கல்லும் நியாயமாக இருக்கட்டும். நரைத்தவர் வந்தால் எழுந்து நில். உன் நடுவில் குடியிருக்கும் அந்நியனை உன்னைப்போல் நேசி.

தோட்டத்து வாழ்க்கைக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறதல்லவா? கூலி, தராசு, ஊர்விட்டு ஊர்வந்து பிழைக்கிற அந்நியன். எல்லாம் எங்கள் கதை. அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். நிறுவை ஞாபகம் வந்திருக்கும். முகத்தில் சின்னச் சிரிப்பு.

பிறகு பதினேழாம் வசனம் வந்தது. உன் சகோதரனை மனதுக்குள் பகைக்காதே என்கிறது அது. பதினெட்டு, பிறனை உன்னைப்போல் நேசிக்கச் சொல்கிறது. அதற்கு அடுத்ததுதான் பத்தொன்பது: இரண்டு வகை விதை.

நான் நிறுத்தினேன். அப்பாவும் எதுவும் சொல்லவில்லை. காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த ரெண்டும் அதுக்கு மேலயேவா இருக்கு?" என்றார்.

"ஆமாப்பா. நேர் மேலேயே."

"நான் வாசிக்கலையே அன்னிக்கு."

ரொம்ப நேரம் கழித்து, "பயந்துட்டேம்மா" என்றார். "கர்த்தருக்கு இல்ல. உபதேசியார் தங்கச்சி இப்படிப் பண்ணிடுச்சேன்னு ஐயரு என்ன நெனப்பாரு, சபையில என்ன சொல்லுவாங்கன்னு. அதுக்குத்தான் பயந்தேன்."

மறுவாரம் தம்பி காரில் அப்பாவைத் தெலுக் இந்தானில் அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனோம். மாமா அதற்குள் காலமாகிவிட்டார். வாசலில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே சாமி படங்கள், விளக்கு. அத்தை கதவோரம் நின்று, "உள்ள வாங்கண்ணே" என்றார். அதற்குமேல் அவருக்கும் வரவில்லை.

அப்பா சாமி படங்களைக் கும்பிடவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடிப்பதற்கு முன் வழக்கம்போல் கண்ணை மூடி, சத்தமாக ஜெபம் பண்ணினார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார், சின்னப் பெண்ணாக லயத்தில் நின்ற மாதிரி. முடிவில் "ஆமென்" என்று முதலில் சொன்னது அவர்தான்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு வருஷம்தான் இருந்தார். முப்பது வருஷத்துக்கு அந்த ஒரு வருஷம் ஈடாகாது. ஒரு தேத்தண்ணியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அத்தை பிள்ளைகளோடு நாங்கள் விளையாடி வளரவில்லை. மாமா சாவுக்கு அப்பா போகவில்லை. அதெல்லாம் போனது போனதுதான்.

திடப்படுத்தல் வகுப்பில் நான் மனப்பாடம் செய்தது மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம். அவர் 1529-இல் எழுதியது. அவரே அதே ஆண்டில் எழுதிய பெரிய ஞானோபதேசத்தைப் பிற்பாடுதான் படித்தேன். வேறு தேவர்கள் உனக்கு வேண்டாம் என்ற முதல் கட்டளைக்கு அதில் ஒரு விளக்கம் தருகிறார். உன் இருதயம் எதைப் பிடித்துக்கொண்டு, எதை நம்பி நிற்கிறதோ, அதுதான் உண்மையில் உன் கடவுள் என்பது அதன் சாரம். பணத்தை நம்பினால் பணம் கடவுள். கௌரவத்தை நம்பினால் கௌரவம் கடவுள். இதைப் படித்த நாள்முதல் முதல் கட்டளையை வைத்து அடுத்த வீட்டுப் பூஜையறையை அளக்க எனக்கு வாய் வரவில்லை. அது அளப்பது என்னைத்தான்.

கடவுள் ஒருவரே என்றால், அவருக்குப் பயப்படுவதைப்போல் வேறு எதற்கும் பயப்படக்கூடாது. அப்பா அந்த ஒருவரைப் பற்றி ஞாயிறுதோறும் பேசினார். ஆனால் சபையாரின் வாய்க்குப் பயந்து தங்கையை விட்டார். மகள் தொலைபேசியில் பேசிய இரவு எனக்கு முதலில் வந்த பயமும் அதே பயம்தான். இத்தனை வருஷம் கழிந்தும், பெயர் மாறாமல் அதே சாமி எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

எல்லா மதமும் ஒன்றுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனதோடு சொல்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. என் கடவுள் ஒருவரே என்று நம்புகிறவள் நான். அந்நிய நுகத்தைப் பற்றிப் பவுல் எழுதியதும் தெரியும். மகளிடம் அதை மறைக்கப்போவதில்லை. சட்டப்படி பார்த்தால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்கீழ் இருவரும் அவரவர் மதத்தில் இருந்தபடியே பதிவு செய்துகொள்ளலாம். அது எளிது. ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போவது, பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானமா, தினம் சாப்பாட்டுக்கு முன் யார் ஜெபிப்பது என்பதெல்லாம் எளிதல்ல. உட்கார்ந்து பேசவேண்டியவை. சில இடத்தில் நான் அழவும்கூடும்.

ஆனால் ஒன்று முடிவாகிவிட்டது. பேச்சு எப்படிப் போனாலும், முன்கதவைத் திறந்துவைத்துத்தான் பேசுவேன். என் பிள்ளை பின்கதவில் டின் வைத்துவிட்டுப் போகிற நிலை இந்த வீட்டில் வராது. பரிசுத்தம் என்ற சொல்லுக்கு அப்பா ஒரு வேலியைப் பொருளாக எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த இரண்டு வசனங்கள் ஞாபகம் வருகின்றன. கடவுள் வேறானவர்தான். அவர் நம்மைப்போல் மனதுக்குள் பகையை வைத்துக்கொண்டு இருப்பவர் அல்ல என்பதிலும்தான் அவர் வேறானவர்.

நாளை சனிக்கிழமை. இருவரும் காலையில் ஈப்போவுக்கு வருகிறார்கள். கோழி வாங்கி வைத்தாயிற்று. மேசையில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் சத்தமாகத்தான் ஜெபிப்பேன். தம்பி என்ன செய்வார் என்று தெரியாது. அவர் விருப்பம்.

அந்த மைலோ டின் இப்போது என் சமையல்கட்டில்தான் இருக்கிறது. அம்மா போனபிறகு நான் எடுத்துவந்தேன். மூடி சரியாக மூடாது, சீனி போட்டால் எறும்பு வரும். எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.